சீட்டோடு வீட்டுக்கு வந்தாச்சு, இனி மாத்திரையை எப்படிப் போடுவது?

சுகர், பிரஷர், தைராய்டு என்று ஏதோ ஒன்றுக்கு முதல் தடவையாகத் தினமும் மாத்திரை போடச் சொல்லியிருக்கிறார்களா? இல்லை, அப்பா அம்மாவின் மாத்திரைகளை இனிமேல் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஆகிவிட்டதா? இது உங்களுக்காக எழுதியது. நான் பதினைந்து வருஷமாக மருந்துக்கடையில் பார்மசிஸ்டாக வேலை பார்க்கிறேன். சீட்டும் சரியாக இருக்கும், கொடுத்த மாத்திரையும் சரியாக இருக்கும், வீட்டுக்குப் போன பிறகுதான் கோளாறு ஆரம்பிக்கும். இதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

என் அம்மாவுக்கே நடந்தது. பிரஷருக்கு வருஷக்கணக்காக அம்லோடிபின் 5 போட்டுக்கொண்டிருந்தார். அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது தலைவலி என்று அங்கே வேறு ஒரு டாக்டரிடம் காட்டியிருக்கிறார்கள், அவர் பிரஷர் கூடியிருக்கிறது என்று டெல்மிசார்ட்டனும் அம்லோடிபினும் சேர்ந்த ஒரே மாத்திரையாக எழுதிக் கொடுத்திருக்கிறார். அம்மா அதையும் போட்டார், பழசையும் போட்டார். ஊருக்குத் திரும்பி வந்து மூன்று வாரம் கழித்து ஒரு நாள் சாயங்காலம், காலில் மெட்டி இறுக்குகிறது, கழற்ற வரவில்லை என்றார். பார்த்தால் இரண்டு பாதமும் வீங்கி, செருப்பு வார் பட்ட இடம் பள்ளமாகப் பதிந்திருந்தது. அவருடைய மாத்திரை டப்பாவைக் கவிழ்த்து இரண்டு அட்டையின் பின்பக்கத்தையும் படித்தேன். பெயர் வேறு, நிறம் வேறு, கம்பெனி வேறு, ஆனால் இரண்டிலும் பொடி எழுத்தில் அம்லோடிபின் இருந்தது. அந்த மருந்து அளவு கூடினால் கால் வீங்குவது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். "புது மாத்திரை கொடுத்தார், பழசை நிறுத்தச் சொல்லவில்லையே" என்றார் அம்மா. அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

டாக்டர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே

அதனால் முதல் வேலை மருந்துக்கடையில் இல்லை, டாக்டர் அறையில். நாற்காலியை விட்டு எழுந்திருக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். இது எதுக்கு, எத்தனை நாளைக்கு, இப்போது போட்டுக்கொண்டிருப்பதில் எதை நிறுத்த வேண்டும். மூன்றாவது கேள்விதான் ரொம்ப முக்கியம், அதைத்தான் யாரும் கேட்பதில்லை. வெளியே கூட்டம் இருக்கிறது, டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம், அரை நிமிஷக் கேள்வி அது.

நீங்களாகச் சொல்ல வேண்டியதும் உண்டு. முன்பு எந்த மாத்திரையாவது ஊசியாவது ஒத்துக்கொள்ளாமல் தடிப்பு வந்ததா, கர்ப்பமாக இருக்கிறீர்களா அல்லது தாய்ப்பால் கொடுக்கிறீர்களா, கிட்னியிலோ கல்லீரலிலோ பிரச்சினை உண்டா, சித்த மருந்து, லேகியம், சூரணம் ஏதாவது சாப்பிடுகிறீர்களா, இதையெல்லாம் அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். பிரஷருக்கு எழுதும் டெல்மிசார்ட்டன், ராமிப்ரில் மாதிரியான மருந்துகள் கர்ப்பத்தில் கூடவே கூடாது.

சீட்டைப் படிப்பது

1-0-1 என்றால் காலையில் ஒன்று, மதியம் இல்லை, ராத்திரி ஒன்று. இது எல்லோருக்கும் புரியும். சில டாக்டர்கள் எழுத்தில் எழுதுவார்கள்: ஓடி என்றால் நாளுக்கு ஒரு தடவை, பிடி என்றால் இரண்டு தடவை, டிடிஎஸ் என்றால் மூன்று தடவை, எச்எஸ் என்றால் படுக்கப் போகும்போது. எஸ்ஓஎஸ் என்று இருந்தால் தேவைப்பட்டால் மட்டும். வலி இருந்தால், காய்ச்சல் இருந்தால் போடுங்கள், இல்லையென்றால் போட வேண்டாம். ஆனால் தேவைப்பட்டால் என்பதற்கும் ஓர் எல்லை உண்டு, ஒரு நாளைக்கு அதிகபட்சம் எத்தனை, இரண்டுக்கும் நடுவில் எத்தனை மணி நேரம் என்று கேட்டு அதையும் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

ஒரு மருந்தைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். மூட்டுவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட், வாரத்துக்கு ஒரே ஒரு நாள் போடுவது. பழக்க தோஷத்தில் அதைத் தினமும் போட்டு, வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் இறங்கி, உயிர் போனவர்கள் உண்டு. அதை வாங்க யார் வந்தாலும் எந்தக் கிழமை என்று கேட்டு, அந்தக் கிழமையை அட்டை மேலேயே பெரிதாக எழுதித்தான் கொடுப்பேன். உங்கள் வீட்டில் யாராவது இதைப் போடுகிறார்கள் என்றால் தயவுசெய்து இன்றைக்கே போய் அட்டையில் கிழமை எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

கடையில் பணம் கொடுப்பதற்கு முன்

சீட்டில் இருக்கும் பெயரையும் அட்டையில் இருக்கும் பெயரையும் ஒத்துப் பாருங்கள். பெயர் மட்டும் பார்த்தால் போதாது, பக்கத்தில் இருக்கும் எண்ணையும் எழுத்தையும் பாருங்கள். சுகருக்குப் போடும் கிளிமிபிரைடு 1 வேறு, 2 வேறு. பிராண்ட் பெயருக்குப் பின்னால் ஏஎம் என்று வந்தால் பெரும்பாலும் அம்லோடிபின் சேர்ந்தது, எச் என்று வந்தால் நீர் பிரியும் மாத்திரை சேர்ந்தது, எஸ்ஆர், எக்ஸ்ஆர், ஈஆர் என்றால் மெதுவாகக் கரையும் மாத்திரை. குளோனசெபாமும் குளோபசாமும் வாயில் ஒரே மாதிரி வரும், இரண்டும் வேறு வேறு மருந்து. கடைக்காரர் "இது இல்லை, வேற கம்பெனி தரட்டுமா" என்றால், உள்ளே இருக்கும் மருந்தும் அளவும் அதேதானா என்று கேட்டு, அட்டையைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். காட்டுவது எங்கள் வேலை.

பத்து மாத்திரை அட்டையில் நாலு மட்டும் வேண்டும் என்பீர்கள், கடையில் கத்தரியால் வெட்டிக் கொடுப்பார்கள். காலாவதி தேதி பெரும்பாலும் அட்டையின் ஒரு ஓரத்தில்தான் இருக்கும், வெட்டிய துண்டில் தேதியும் இருக்காது, சில சமயம் பெயர்கூடப் பாதிதான் இருக்கும். ஆறு மாதம் கழித்து அந்தத் துண்டைக் கையில் எடுத்தால் அது என்னவென்று எனக்கே தெரியாது. தேதி இருக்கும் பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள், முடியாவிட்டால் முழு அட்டையையும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். 05/2027 என்று போட்டிருந்தால் அந்த மே மாதக் கடைசி நாள் வரை போடலாம். அதிகம் விற்கும் 300 பிராண்டுகளில் 2023 ஆகஸ்ட் முதல் க்யூஆர் கோடு இருக்கிறது, ஸ்கேன் செய்தால் மருந்தின் பெயர், பேட்ச் எண், காலாவதி எல்லாம் வரும்.

அட்டையின் இடது ஓரத்தில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால் அது டாக்டர் சீட்டு இல்லாமல் போடக் கூடாத மருந்து. அதிலும் சில ஆன்டிபயாடிக், டிபி மருந்து, தூக்க மாத்திரை மாதிரியானவை எச்1 என்ற, கட்டுப்பாடு அதிகமான பட்டியலில் வரும். அவற்றை விற்கும்போது டாக்டர் பெயர், நோயாளி பெயர், கொடுத்த அளவு எல்லாம் ஒரு பதிவேட்டில் எழுதி, அதை மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும் என்பது 2014 மார்ச்சிலிருந்து சட்டம். "போன தடவை கொடுத்தீங்களே, சீட்டு எதுக்கு" என்று கடையில் சண்டை போடாதீர்கள்.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் காசு இல்லை என்பதற்காகவே ஒன்று விட்டு ஒரு நாள் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மக்கள் மருந்தகம் எனப்படும் ஜன் அவுஷதி கடைகளிலும், 2025 பிப்ரவரியில் தமிழக அரசு ஆரம்பித்த முதல்வர் மருந்தகங்களிலும் அதே மருந்து பிராண்ட் பெயர் இல்லாமல் குறைந்த விலைக்குக் கிடைக்கும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வந்து கொடுக்கிறார்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை. அரசு கொடுக்கும் மெட்ஃபார்மினும், தனியார் டாக்டர் எழுதி நீங்கள் கடையில் வாங்கும் மெட்ஃபார்மினும் பார்க்க வேறு மாதிரி இருக்கும், இரண்டையும் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அம்மா விஷயத்தில் நடந்த அதே தப்பு.

ஒரே ஒரு தாள்

வீட்டில் செய்ய வேண்டிய முதல் காரியம் இது, இதை மட்டும் செய்தால்கூடப் பாதிப் பிரச்சினை தீரும். ஒரு முழுத் தாளை எடுங்கள். அட்டைகளைத் தரையில் வரிசையாக வைத்து, பிராண்ட் பெயர், உள்ளே இருக்கும் மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், எப்போது, எதுக்கு, யார் எழுதியது என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். உள்ளே இருக்கும் மருந்தின் பெயரை எழுதும்போதே ஒரே பெயர் இரண்டு தடவை வந்தால் கண்ணில் பட்டுவிடும். ஒத்துக்கொள்ளாத மருந்து ஏதாவது இருந்தால் தலைப்பிலேயே சிவப்பில் எழுதுங்கள். தேதி போடுங்கள். ஒரு மாத்திரை மாறினால் அடித்துத் திருத்தாமல் புதுத் தாள் எழுதுங்கள், பழையதைக் கிழித்துவிடுங்கள்.

அம்மாவின் தாள் பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது, படம் எங்கள் எல்லோருடைய போனிலும் இருக்கிறது. பல் டாக்டரிடம் போனாலும் கண் டாக்டரிடம் போனாலும் அதைத்தான் முதலில் நீட்டுகிறோம். "அந்த வெள்ளை மாத்திரை, வட்டமா இருக்கும்" என்று சொன்னால் எந்த டாக்டராலும் கண்டுபிடிக்க முடியாது, மாத்திரைகளில் பாதி வெள்ளையாகவும் வட்டமாகவும்தான் இருக்கும்.

ஏழு நாள், காலை ராத்திரி என்று அறை பிரித்த பிளாஸ்டிக் பெட்டி கடையில் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அடுக்கிவிட்டால் போட்டோமா இல்லையா என்ற சந்தேகமே வராது. ஈரத்துக்கும் வெளிச்சத்துக்கும் ஆகாத சில மாத்திரைகளை மட்டும் அதன் பாட்டிலிலேயே விட வேண்டும், எதுவென்று கடையில் கேளுங்கள். தைராய்டு மாத்திரையும் அப்படித்தான்.

சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா

இது சும்மா சொல்வது இல்லை, ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு.

தைராய்டு மாத்திரை காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில். அதற்குப் பிறகு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை காபி டீ எதுவும் கூடாது. நம் ஊரில் எழுந்ததும் காபி இல்லாமல் கண் திறக்காது, தெரியும், ஆனால் காபியோடு போட்டால் மருந்து முழுசாக உடம்பில் சேராது, தைராய்டு ரத்தப் பரிசோதனையில் வரும் டிஎஸ்ஹெச் அளவு ஏறிக்கொண்டே போகும், டாக்டர் அளவைக் கூட்டுவார், குறை மருந்தில் இருக்காது. கால்சியம், இரும்புச் சத்து மாத்திரை இருந்தால் தைராய்டு மாத்திரைக்கு நாலு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். அப்புறம், இரும்புச் சத்து மாத்திரையை டீயோடும் பாலோடும் போடாதீர்கள், எலுமிச்சைச் சாறோடு போட்டால் நன்றாகச் சேரும். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம்.

கேஸ் மாத்திரை என்று நாம் சொல்லும் பான்டோப்ரசோல் டிபனுக்கு அரை மணி முன்னால். மெட்ஃபார்மின் சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்ட உடனே, இல்லையென்றால் வயிறு கலங்கும். கிளிமிபிரைடு டிபனுக்குச் சற்று முன்னால், ஆனால் தட்டில் இட்லி வந்த பிறகு. இதை நான் எல்லோரிடமும் இப்படியேதான் சொல்வேன். மாத்திரையைப் போட்டுவிட்டு, கேஸ் தீர்ந்துவிட்டது, விருந்தாளி வந்துவிட்டார் என்று சாப்பாடு தள்ளிப் போனால் சுகர் தடாலென்று இறங்கும். கை நடுங்கும், குப்பென்று வியர்க்கும், படபடப்பாக வரும், பேச்சு குழறும். உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108தான். அவர் போடும் சுகர் மாத்திரையில் வோக்ளிபோஸ் சேர்ந்திருந்தால் வீட்டுச் சர்க்கரை சீக்கிரம் வேலை செய்யாது, ஏனென்றால் சர்க்கரை உடைந்து சேருவதையே அந்த மருந்து தடுக்கிறது. அவர்கள் வீட்டில் குளுக்கோஸ் பவுடர் எப்போதும் இருக்க வேண்டும். பையிலும் ஒரு பொட்டலம்.

சஷ்டி விரதம், ரமலான் நோன்பு இருப்பவர்கள் ஒரு வாரம் முன்பே டாக்டரைப் பார்த்து நேரத்தையும் அளவையும் மாற்றி எழுதி வாங்குங்கள். எல்லோரையும் விரதத்தை விடச் சொல்ல மாட்டார், பெரும்பாலும் வழி இருக்கும்.

மாத்திரையை வாய் நிறையத் தண்ணீரோடு உட்கார்ந்தோ நின்றோ விழுங்குங்கள். டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக், எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு தடவை போடும் அலெண்ட்ரோனேட் இரண்டும் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் புண்ணாக்கிவிடும், அலெண்ட்ரோனேட் போட்டால் அரை மணி நேரம் படுக்கவே கூடாது.

உடைக்கலாமா, பொடிக்கலாமா

நடுவில் கோடு இருக்கும் மாத்திரையைப் பெரும்பாலும் பாதியாக உடைக்கலாம். எஸ்ஆர், எக்ஸ்ஆர், சிஆர் என்று இருப்பதைப் பொடித்தால் பன்னிரண்டு மணி நேரமோ ஒரு நாளோ மெதுவாக வர வேண்டிய மருந்து மொத்தமாக ஒரே அடியாக உள்ளே போகும். தாத்தாவால் விழுங்க முடியவில்லை என்றால் பொடிக்கும் முன் கடையில் கேளுங்கள், சிரப்பாகவோ சின்ன மாத்திரையாகவோ இருக்கலாம். மெட்ஃபார்மின் எஸ்ஆர் போடுகிறவர்களுக்குச் சில சமயம் மாத்திரையின் கூடு மலத்தில் அப்படியே வரும், மருந்து சேரவில்லையோ என்று பயந்துபோய் வருவார்கள். சேர்ந்துவிட்டது, அது வெறும் கூடு.

மூச்சு இரைப்புக்கு உறிஞ்சும் ரோட்டாகேப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு பெரியவர் மூன்று மாதமாக வாங்கிக்கொண்டிருந்தார், இளைப்பு குறையவே இல்லை என்றார். எப்படிப் போடுகிறீர்கள் ஐயா என்று கேட்டேன், "தண்ணியோடதான் தம்பி, காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு" என்றார். பார்க்க கேப்சூல் மாதிரிதானே இருக்கிறது, விழுங்கியிருக்கிறார். உறிஞ்சும் கருவியை வாங்கவே இல்லை, யாரும் காட்டிக் கொடுக்கவும் இல்லை. அன்றைக்குக் கவுண்டர் பக்கத்து ஸ்டூலில் உட்கார வைத்து, கருவியில் கேப்சூலைச் செருகி, திருகி, மூச்சை முழுசாக வெளியே விட்டு, உதட்டால் கவ்வி வேகமாக உள்ளே இழுத்து, பத்து எண்ணும் வரை அடக்கி, அப்புறம் வாயைக் கொப்பளித்துத் துப்புவது வரை மூன்று தடவை செய்யச் சொன்னேன். கொப்பளிப்பதை விட்டுவிடாதீர்கள், ஸ்டீராய்டு சேர்ந்த இன்ஹேலர் என்றால் வாயில் வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கும். இன்ஹேலர், இன்சுலின் பேனா, கண் சொட்டு எதுவானாலும் முதல் தடவை யாரையாவது செய்து காட்டச் சொல்லி, அவர் எதிரிலேயே நீங்களும் ஒரு தடவை செய்து காட்டுங்கள்.

மறந்துவிட்டால்

ஞாபகம் வந்த உடனே போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டது என்றால் விட்டதை விட்டுவிட்டு அடுத்த வேளையிலிருந்து வழக்கம்போல. எந்தக் காரணத்துக்காகவும் இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. வலிப்பு மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை, கருத்தடை மாத்திரை, இன்சுலின் இவற்றுக்குத் தனித்தனிக் கணக்கு உண்டு, மறந்தால் என்ன செய்வது என்று முதல் நாளே கேட்டுத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நன்றாகிவிட்டதே, நிறுத்தலாமா

"பிரஷர் நார்மல் ஆயிடுச்சு, அதான் நிறுத்திட்டேன்." இதை வாரத்துக்கு ஒரு தடவையாவது கேட்கிறேன். மாத்திரை போடுவதால்தான் நார்மலாக இருக்கிறது. அட்டினலால், மெட்டோபுரோலால் மாதிரி இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் நெஞ்சு வலி, ஏன் மாரடைப்புகூட வரலாம். வாரக்கணக்கில் போட்ட ஸ்டீராய்டை, தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் போடும் குளோனசெபாமை, வலிப்பு மாத்திரையை, மனநல மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. டாக்டர் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்துவார். ஒத்துக்கொள்ளவில்லை, வாங்கக் காசில்லை, போட்டுப் போட்டு அலுத்துவிட்டது, எந்தக் காரணமானாலும் அவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். மாற்று இருக்கும்.

ஆன்டிபயாடிக் எத்தனை நாள் எழுதினாரோ அத்தனை நாள், மீதம் வைத்து அடுத்த சளிக்குப் போடக் கூடாது. வைரஸால் வரும் சாதாரண சளிக்கு அது வேலையே செய்யாது. டிபிக்கு வழக்கமாக ஆறு மாதம். இரண்டாவது மாதத்திலேயே இருமல் போய் உடம்பு தேறிவிடும், அங்கேதான் பலர் விடுகிறார்கள், விட்டால் திரும்ப வரும்போது மருந்துக்கு அடங்காத டிபியாக வரலாம். ரிஃபாம்பிசின் என்ற டிபி மருந்தைப் போட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், அது ரத்தம் இல்லை.

கூடச் சேரக் கூடாதவை

முட்டி வலிக்கு டைக்ளோபெனாக், அசெக்ளோபெனாக், ஐபுபுரோஃபென் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், அதிலும் பிரஷருக்கு டெல்மிசார்ட்டனும் நீர் மாத்திரையும் போடுகிறவர்கள் கண்டிப்பாகக் கூடாது, வலி மாத்திரையும் இந்த இரண்டும் சேர்ந்தால் கிட்னியைக் கெடுக்கும். பாரசிட்டமால் பரவாயில்லை, ஆனால் ஆரோக்கியமான பெரியவருக்கே நாளுக்கு 4 கிராமுக்கு மேல் கூடாது, கல்லீரல் பிரச்சினை இருந்தாலோ தினமும் குடித்தாலோ அதைவிடக் குறைவு. காய்ச்சல் மாத்திரை, சளி மாத்திரை, உடம்பு வலி மாத்திரை என்று மூன்று வாங்குவார்கள், மூன்றிலும் பாரசிட்டமால் இருக்கும்.

இதய வால்வு மாற்றி ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம், வார்ஃபரின் போடுகிறவர்களிடம் கீரையே சாப்பிடாதே என்று யாராவது பயமுறுத்தியிருப்பார்கள். சாப்பிடலாம், ஆனால் வாரா வாரம் ஏறக்குறைய ஒரே அளவாக. ஒரு மாதம் தொடாமல் இருந்துவிட்டு, திடீரென்று முருங்கைக் கீரை நல்லது என்று தினமும் சாப்பிட்டால் ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐஎன்ஆர் அளவு தாறுமாறாகும். அதிமதுரம் தொண்டைக்கு நல்லதுதான், தினமும் சாப்பிட்டால் பிரஷரை ஏற்றும், உடம்பில் பொட்டாசியத்தைக் குறைக்கும். சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கிறது, டெல்மிசார்ட்டன், ராமிப்ரில் போடுகிறவர்கள், கிட்னி பிரச்சினை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் மாற வேண்டாம். அவர்களுக்குத் தினமும் இளநீர் குடிப்பதும் அப்படித்தான்.

தூக்க மாத்திரையோடு சாராயம் சேர்ந்தால் மூச்சே அடங்கிப் போகலாம். சளிக்கும் அரிப்புக்கும் போடும் மாத்திரைகளில் பலவும் தூக்கம் வரவழைக்கும், போட்டுவிட்டு வண்டி ஓட்டாதீர்கள்.

குழந்தைகளுக்கு

அளவு வயதை வைத்து மட்டும் இல்லை, எடையை வைத்து. கடைசியாக எப்போது எடை பார்த்தீர்கள் என்று ஞாபகம் வைத்திருங்கள். பாரசிட்டமால் சொட்டு மருந்தில் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும், சிரப்பில் ஐந்து மில்லிக்கு 120 அல்லது 250. சிரப் தீர்ந்துவிட்டது என்று சொட்டு மருந்தை அதே ஐந்து மில்லி கொடுத்தால் 500 மில்லிகிராம், குழந்தைக்கு எவ்வளவு அதிகம் என்று பாருங்கள். சமையலறை ஸ்பூனில் அளக்காதீர்கள், மருந்தோடு வரும் மூடியிலோ ஊசி இல்லாத சிரிஞ்சிலோ அளந்து கொடுங்கள். பொடியாக வரும் ஆன்டிபயாடிக்கைக் காய்ச்சி ஆற வைத்த தண்ணீரில் கோடு வரை கலக்குங்கள், லேபிளில் எத்தனை நாள் என்று போட்டிருக்கிறதோ அதற்கு மேல் வைக்காதீர்கள். மாத்திரையை மிட்டாய் என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். சிவப்பாக, இனிப்புப் பூச்சோடு இருக்கும் இரும்புச் சத்து மாத்திரையை மிட்டாய் என்று நினைத்துக் குழந்தை பத்து பன்னிரண்டை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

எங்கே வைப்பது

அடுப்புக்குப் பக்கத்து அலமாரி, பிரிட்ஜ் மேல், ஜன்னல் திண்டு, வண்டிப் பெட்டி இவை நாலும் வேண்டாம். நம் ஊர் மே மாத வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் எதுவும் தாங்காது. பிரிக்காத இன்சுலின் பிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள், கதவிலும் வேண்டாம், ஃப்ரீசரில் வைக்கவே கூடாது, உறைந்துபோனால் உருகின பிறகும் அது உதவாது. பிரித்ததை வெளியே குளிர்ச்சியான இடத்தில் ஏறக்குறைய நாலு வாரம் வைக்கலாம், பிரிட்ஜ் இல்லாத வீட்டில் ஈரமாக வைத்திருக்கும் மண்சட்டியும் உதவும்.

இன்சுலின் ஊசி வாங்கும்போது மூடியின் நிறத்தைப் பாருங்கள். ஒரு மில்லிக்கு 40 யூனிட் இருக்கும் பாட்டிலுக்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், ஒரு மில்லிக்கு 100 யூனிட் இருக்கும் பாட்டிலுக்கு ஆரஞ்சு மூடி. 100 பாட்டிலுக்குச் சிவப்பு மூடி சிரிஞ்சைப் போட்டு 20 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 20 யூனிட் இல்லை, 50 யூனிட்.

ஒத்துக்கொள்ளவில்லை என்றால்

உதடு, முகம், நாக்கு வீங்கினால், மூச்சு முட்டினால், தோல் கொப்பளித்து உரிந்தால், வாயிலும் கண்ணிலும் புண் வந்தால் தாமதிக்காதீர்கள், 108 கூப்பிடுங்கள், அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். மற்றபடி லேசான குமட்டல், வாய் உலர்வது பல மருந்துகளில் ஒரு வாரத்தில் சரியாகும். சில தொந்தரவுகளை மருந்தால் வந்தது என்றே யாரும் சந்தேகப்படுவதில்லை. ராமிப்ரில், எனலாப்ரில் போடுகிறவர்களில் சிலருக்கு வறட்டு இருமல் வரும், அதற்கு மாதக்கணக்கில் இருமல் சிரப் வாங்கிக் குடித்துக்கொண்டிருப்பார்கள், பிரஷர் மாத்திரையை டாக்டர் மாற்றினால் சில வாரங்களில் நின்றுவிடும். புதிதாக ஏதாவது தொந்தரவு வந்தால் அதற்கு முன் எந்த மாத்திரை புதிதாக ஆரம்பித்தது என்று தாளைப் பாருங்கள். பக்க விளைவை நீங்களே அரசுக்குத் தெரிவிக்க இலவச எண் இருக்கிறது, 1800-180-3024. சாதாரண சந்தேகத்துக்குத் தமிழ்நாட்டில் 104.

பழசைக் கழிப்பது

அம்மாவின் டப்பாவைக் கவிழ்த்த அன்றைக்கு அதில் பதினேழு அட்டை இருந்தது, போட வேண்டியது ஐந்துதான். மீதியில் மூன்று மாத்திரை மிச்சமிருந்த ஆன்டிபயாடிக் ஒன்று, எப்போதோ திறந்த கண் சொட்டு ஒன்று, பெயர் வெட்டுப்பட்ட இரண்டு துண்டு, போன வருஷம் இறந்துபோன பெரியப்பாவுடைய இதய மாத்திரை ஒன்று. நல்ல மாத்திரை, யாருக்காவது உதவுமே என்று எடுத்து வைத்திருந்தார். ஒருவருக்கு எழுதியதை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது, நோய் ஒரே நோயாக இருந்தாலும் கூடாது. கண் சொட்டு பெரும்பாலும் திறந்த நாலு வாரத்தில் தூக்கிப் போட வேண்டியது, திறந்த தேதியைப் பாட்டில் மேல் எழுதி வையுங்கள்.

மாதம் ஒரு தடவை டப்பாவைக் கவிழ்த்து, தாளில் இல்லாததையெல்லாம் எடுத்துவிடுங்கள். அட்டையோடு அப்படியே குப்பையில் போடாமல் மாத்திரையைப் பிரித்து, காபி சக்கையோடோ மண்ணோடோ கலந்து ஒரு கவரில் கட்டிப் போடுங்கள், குழந்தையோ நாயோ தின்றுவிடக் கூடாது. அட்டையைக் குறுக்கே வெட்டிப் போடுங்கள், யாரும் எடுத்து விற்க முடியாது. இன்சுலின் ஊசியை மட்டும் தனியாக, கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு மூடி, நிறைந்ததும் ஆஸ்பத்திரியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கொடுங்கள். குப்பைப் பையில் போட்டால் மறுநாள் காலை அதைக் கையால் பிரிக்கிற தூய்மைப் பணியாளருக்குத்தான் அது குத்தும்.